மாசிலாமணி பேண்டு செட் பூனைத் தொட்டி காத்த கதை

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் அந்த ஊரில் பெண் கொடுத்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

அந்த ஊரில் மாசிலாமணி பேண்டு செட் என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வாசிப்பார்கள். மொத்தம் நாலே பேர். ட்ரம்பெட் வாசிக்கிற மாசிலாமணிதான் மாஸ்டர். கிளாரினெட் சேசையா, பெரிய டிரம் உலகநாதன், ஜால்ரா கொம்பையா. சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் கயிறு தொங்கும் தொப்பியுமாக நின்றால் நாலு பேரும் பட்டாளத்து ஜெனரல் மாதிரி இருப்பார்கள். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தால்தான் தொந்தரவு.

நாலு பேரும் குடியிருந்தது பாக்கியத்தாய் டீச்சர் வீட்டில். ரிட்டயரான டீச்சர், தனி ஆள். அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் வீட்டின் வலது பக்கத்துப் போர்ஷனை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வேறு யாரும் பேண்டு செட்டுக்கு வீடு கொடுக்கத் தயாராக இல்லை. இதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க பஸ் நிழற்குடையில் குடியிருந்தார்கள். டிரம்மின் தோல் ஊறி நமுத்த அப்பளமாகப் போனதை உலகநாதன் இன்றைக்கும் சொல்லி அழுவார்.

டீச்சருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. துரை என்று ஒரு பூனை உண்டு. சாம்பல் நிறம், பெரிய தலை, யாரையும் மதிக்காத நடை. தெருவில் நாய்த் தொல்லை என்பதால் துரை வாசல் தாண்டுவதில்லை. அவன் போவதற்கென்று கூடத்து மூலையில் நீல பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்று மணல் போட்டு வைத்திருந்தார் டீச்சர். பக்கத்தில் ஆணியில் ஒரு பழைய ஜல்லிக்கரண்டி தொங்கும். தொட்டியில் கிடப்பதை அள்ளுவதற்கு அது.

டீச்சர் மதுரைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போக வேண்டி வந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். தொட்டி எந்நேரமும் சுத்தமாக இருக்க வேண்டும். துரை மண்ணைத் தள்ளி மூடி வைப்பதைக் கரண்டியால் அள்ளிக் குப்பையில் போட வேண்டும். அவன் உள்ளே இருக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது, கூச்சப்படுவான். அந்தக் கரண்டியில் வடை சுடக் கூடாது என்பதையும் தனியாகச் சொன்னார். இவர்களிடம் எதையும் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு அனுபவம்.

"நான் வரும்போது துரை சுகமா இருக்கணும், தொட்டி சுத்தமா இருக்கணும். இல்லேன்னா நீங்க வேற வீடு பாத்துக்கிடுங்க" என்றார். ஆட்டோ கிளம்பியது. உலகநாதன் தன் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே துரை தொட்டிக்குள் காலை வைத்தான். நாலு பேரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதுவரை சரி. அவன் முடித்துவிட்டான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் யோசிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் டீச்சர் சொல்லை மீறியதாகும். கொம்பையா மட்டும் அவ்வப்போது மரியாதையாக, "துரை, முடிஞ்சுதா?" என்று கேட்டுப் பார்த்தார்.

அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டு அம்மாள் நாற்றம் தாங்காமல் கதவைத் தட்டிய பிறகுதான் திரும்பினார்கள். துரை டிரம் மேல் படுத்துப் பாதித் தூக்கம் தூங்கியிருந்தான்.

மாஸ்டர் கரண்டியை எடுத்தார். அப்போதுதான் சேசையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சேசையாவுக்கு வரும் சந்தேகங்கள் பெரிதாகத்தான் இருக்கும்.

"மாஸ்டரே, அவன் இத எதுக்கு மூடி வைக்கான்?"

"எதுக்குடே?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான். வேண்டாத பொருள ஆராவது பொதைச்சு வைப்பாங்களா? பொறவு வந்து தோண்டிப் பாப்பான். வச்ச எடத்துல இல்லேன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?"

"களவாணிப் பயலுவன்னு நெனப்பான்" என்றார் கொம்பையா.

நாலு பேருக்கும் முகம் வாடிவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்படி ஒரு பெயர் எடுப்பதா? மாஸ்டர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, வெகுநேரம் யோசித்தார். "அள்ளிப் போடணும்னு டீச்சர் சொல்லிட்டாக. அத மீற முடியாது. ஆனா அந்த எடத்தச் சும்மா விடணும்னு சொல்லலியே" என்றார்.

அளவிலும் நிறத்திலும் ஒத்துவருகிற மாதிரி ஒன்றை அந்த இடத்தில் வைத்து மூடிவிடுவது என்று முடிவாயிற்று. வீடு முழுக்கத் தேடியதில் கருப்பட்டிதான் பொருத்தமாக இருந்தது. உடைத்து, ஓரத்தை உருட்டி, துரை வைத்த இடத்திலேயே புதைத்து, மண்ணைத் தட்டிவிட்டார்கள். அன்று இரவு நாலு பேரும் கருப்பட்டி இல்லாத வெறும் காப்பி குடித்தார்கள். மனசு நிறைந்திருந்ததால் கசப்பு தெரியவில்லை.

மறுநாள் தொட்டியில் எறும்பு. கட்டெறும்பும் சிற்றெறும்புமாக ஊர்க்கூட்டம் போட்டிருந்தன. துரை வழக்கம்போல உள்ளே இறங்கினான். இறங்கிய வேகத்தில் வெளியே பறந்தான். காலை உதறினான், வாலை உதறினான், மாஸ்டரைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான். டீச்சர் இல்லாத வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று மாஸ்டருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

எறும்பு வந்ததற்கு மண்ணில் அழுக்கு இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் உலகநாதன். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் மண் சுத்தமாக இருக்க வேண்டாமா? மண் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் துவைக்க வேண்டாமா? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததை அவர்கள் எப்போதும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மண்ணை வாளியில் கொட்டிச் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தார்கள். கும்மினார்கள். அலசினார்கள். மண்ணில் பாதி சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டது. மிச்சத்தை மொட்டைமாடியில் உலகநாதனின் எட்டு முழ வேட்டியை விரித்து அதன்மேல் பரப்பிக் காயவைத்தார்கள். வடகம் காயப்போட்ட மாதிரி அழகாக இருந்தது. காக்கா வந்துவிடும் என்று கொம்பையா ஒரு குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்தார்.

காக்கா வரவில்லை. மாடிப்படி ஏறி துரை வந்தான். வேட்டி அகலத்துக்கு, வெயிலில் இளஞ்சூடாக, சோப்பு வாசனையோடு மண் பரந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். இப்படி ஒரு மரியாதையை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நிதானமாக நடுவே போய் உட்கார்ந்தான். கொம்பையா குச்சியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் சேதி எப்படியோ பரவிவிட்டது. தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் சுவரேறி வந்துவிட்டன. மேலத்தெருவிலிருந்துகூட ஒன்று, குட்டியோடு.

கீழே தொட்டி காலியாக, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஏலே, தொட்டி சுத்தமா இருக்கா இல்லியா?"

"இருக்கு மாஸ்டரே."

"மாடி?"

"மாடியப் பத்தி டீச்சர் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் சேசையா.

இவ்வளவு சுலபமான வழியை இத்தனை வருஷமாக டீச்சர் கண்டுபிடிக்காமல் கஷ்டப்பட்டாரே என்று நாலு பேரும் இரக்கப்பட்டார்கள். தொட்டிக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார்கள். தூசி படக் கூடாதென்று சீருடைகள் வைக்கிற டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சாவியை மாஸ்டர் அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அடுத்த சில நாட்கள் பேண்டு செட் நிம்மதியாகச் சாதகம் செய்தது. டீச்சர் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் போனில் கூப்பிட்டார்.

"தொட்டி சுத்தமா இருக்காடே?" என்று கேட்டார்.

"மொகம் பாக்கலாம் டீச்சர்."

"துரை ஒழுங்கா போறானா?"

"தொட்டியிலயா? நீங்க போன மொத நாளுக்குப் பொறவு ஒரு தடவகூடப் போகல டீச்சர்" என்றார் மாஸ்டர், பெருமையோடு.

டீச்சர் பதறிப்போனார். துரையின் அப்பன் அப்படித்தான் செத்தான். வயிறு அடைத்துக்கொண்டு, வெளியே போக முடியாமல், அவர் மடியிலேயே. இவனும் அப்படிப் போய்விடுவானோ என்று பயந்தார். மாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் மாஸ்டருக்குக் கிடையாது.

"காலையில நான் வந்து எறங்கும்போது துரை தொட்டியில போறத என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா உங்க மேளதாளம் எல்லாம் தெருவுல கெடக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உலகநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பஸ் நிழற்குடை அவர் கண்முன் வந்தது. வெளியே வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது.

உடனே மாடிக்கு ஓடினார்கள். ஊர்ப் பூனைகளின் உபயத்தைக் கரண்டியால் அள்ளிக் கொட்டிவிட்டு, மண்ணை வேட்டியோடு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்த தொட்டியில் நிரப்பினார்கள். துரையைத் தூக்கி அதன் பக்கத்தில் விட்டார்கள். துரை தொட்டியைப் பார்த்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். அரண்மனையை இடித்துவிட்டுக் குடிசையைக் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

விடியற்காலையில் கூட்டம் போட்டார்கள். அவன் ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி.

"முறையா அழைச்சாத்தானே போவான்?" என்றார் கொம்பையா. "மாப்பிள்ளைகூட நாம போய் வாசிச்சு அழைச்சாத்தான் மண்டபத்துக்கு வாராரு. இவன் பேரே துரை."

நியாயமாகப் பட்டது. நாலு பேரும் சிவப்புக் கோட்டை மாட்டினார்கள், பொத்தானைத் துடைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிற மார்ச் மெட்டை எடுத்துக்கொண்டு, துரை படுத்திருந்த இடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். டிரம்மில் முதல் அடி விழுந்ததும் துரை படுத்த இடத்திலிருந்தே பரணுக்குப் பாய்ந்தான். அங்கே பழைய அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். அண்டாவுக்கு மேலே இரண்டு காது மட்டும் தெரிந்தது.

பஸ் வருகிற நேரம் நெருங்கியது. உலகநாதன் டிரம்முக்கு உறை போட ஆரம்பித்துவிட்டார். அப்போது சேசையா சொன்னார்.

"மாஸ்டரே, நமக்குப் புதுப் பாட்டு எப்படி வருது? மொதல்ல நீங்க வாசிச்சுக் காட்டுதிய. பொறவு நாங்க வாசிக்கோம். இவனுக்கும் ஆராவது செஞ்சு காட்டுனாத்தானே தெரியும்?"

மூன்று பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக எந்தப் பாட்டாக இருந்தாலும் மாஸ்டர்தான் முதலில். அந்த முறையை மாசிலாமணி ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தொட்டிக்குள் காலை வைத்து, பரணிலிருந்து தெரிகிற மாதிரி குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தார்.

"இதுக்கு மேல என்னடே செய்யணும்?" என்று கேட்டார்.

"போதும் மாஸ்டரே. ராகம் காட்டுனாப் போதும், பாட்டு வேண்டாம்" என்றார் சேசையா.

தொட்டியில் ஒருவர் இருக்கும்போது பார்க்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. ஆகவே மூன்று பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சும்மா நிற்கச் சங்கடமாக இருந்ததால் மெதுவாக ஒரு தாலாட்டை வாசித்தார்கள்.

பாக்கியத்தாய் டீச்சர் கறுப்புக் கண்ணாடியும் கையில் பையுமாக உள்ளே வந்தார். கூடத்தில் மூன்று ஜெனரல்கள் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஜெனரல் பூனைத் தொட்டியில் குந்தியிருந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்றுதான் அவர் முதலில் பயந்தார்.

காலடிச் சத்தம் கேட்ட கொம்பையா திரும்பாமலே சொன்னார்.

"ஆரா இருந்தாலும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. தொட்டியில ஆள் இருக்கு."

டீச்சர் வாயில் வந்த ஒரே சொல், "துரை" என்பதுதான்.

அந்தக் குரலைக் கேட்டதும் அண்டாவிலிருந்து தலை முழுசாக வெளியே வந்தது. துரை பரணிலிருந்து குதித்தான். டீச்சர் சேலையில் ஒரு தடவை உரசினான். ராத்திரி முழுக்க அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது போல. நேரே தொட்டிக்குப் போனான், மாஸ்டரின் முழங்கால்களுக்கு நடுவே இடம் பார்த்துக்கொண்டான், போனான்.

மாசிலாமணி அசையவில்லை. ட்ரம்பெட்டில் நீள ஸ்வரம் பிடிக்கிறவர், மூச்சை அடக்குவது அவருக்குப் புதிதில்லை. துரை முடித்துவிட்டு மண்ணைப் பறித்து மூடினான். மாஸ்டரின் பூட்ஸை மூடினான், கால்சட்டையை மூடினான், மடியில் விழுந்திருந்த தொப்பியையும் விடாமல் மூடினான். எறும்புக்கும் டிரம்முக்கும் சேர்த்து அவனுக்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். வந்தது. துரை பிழைத்துக்கிடந்தான், அது போதும். திட்டுவதற்கு எங்கே தொடங்குவது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"இருந்து தொலைங்கடே. வீட்டக் காலி பண்ண வேண்டாம்" என்றார். துரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போகும்போது, "அவன் மூடி வச்சத மட்டும் அள்ளிக் குப்பையில போட்டுருங்க. நான் கொஞ்சம் படுக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். துரை மூடி வைத்தது தொட்டியில் இருந்தது. அதில் பெரும்பகுதி மாஸ்டர்.

"கரண்டி பத்தாதே" என்றார் உலகநாதன், கவலையோடு.

உத்தரவு உத்தரவுதான், வீடு இப்போதுதான் நிலைத்திருக்கிறது. சேசையா தோளைப் பிடித்தார். உலகநாதன் காலைப் பிடித்தார். கொம்பையா தொப்பியை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் குந்தியபடியே, அவர்களுக்குத் தூக்க வசதியாக உடம்பைத் தளர்த்திக்கொடுத்தார். வாசலுக்குக் கொண்டுவந்தபோது விசிலூதிக்கொண்டு குப்பை வண்டி வந்து நின்றது. வண்டியில் பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. தள்ளிக்கொண்டு வருகிற செண்பகத்துக்கு அந்தத் தெருவே அத்துப்படி, எந்த வீட்டில் எதை நீட்டினாலும் ஆச்சரியப்படமாட்டாள்.

"இது என்னது?" என்றாள்.

"குப்பை" என்றார் உலகநாதன்.

"மக்கும் குப்பையா, மக்காத குப்பையா?"

மூன்று பேரும் மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"மனுசன் மக்கத்தான் செய்வான். பச்சை வாளிதான்" என்றார் சேசையா.

"கோட்டுல பித்தளைப் பொத்தான் இருக்கே. அது மக்காதுல்லா? நீலந்தான்" என்றார் கொம்பையா.

"மாஸ்டருக்குக் கடவாப்பல்லு ஒண்ணு கட்டுனது. அது எதுல சேத்தி?" என்று கேட்டார் உலகநாதன். மாஸ்டர் எல்லாரும் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்து காட்டினார்.

செண்பகம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "கலந்து குடுத்தா வாங்கக் கூடாதுன்னு ஆபீஸுல சொல்லிருக்காக. நாளைக்கு ஒழுங்காப் பிரிச்சுக் குடுங்க" என்று சொல்லி, விசிலை ஊதி, வண்டியை அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று பேரும் மாஸ்டரை மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்துவதற்கு முன்னால் மாசிலாமணி சொன்னது மட்டும் தெருவில் கேட்டது.

"பல்லுலருந்து ஆரம்பிங்கடே. நாளைக்கு வண்டி சீக்கிரம் வந்துட்டா நேரம் பத்தாது."